பத்துச் சுற்று மரை

பட்டறைத் தமிழில் திருகின் சுருள்வரிக்கு ‘மரை’ என்று பெயர். மனிதரை ‘மரை கழன்றவன்’ என்று ஏசும் வழக்கும் அங்கிருந்து வந்ததே. கழன்றதை மறுபடியும் முடுக்கிவிடலாம். அழிந்த மரையை அவ்வாறு செய்ய இயலாது. ஆணி சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பழைய வண்டிகளோடு பழகியவர்களுக்கு அந்த வழுக்கல் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

என் களப்பணி வண்டி மைசூரில் உருவான 250 சிசி யெஸ்டி. செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவின் உரிமத்தோடு ஐடியல் ஜாவா நிறுவனம் 1961இல் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. யெஸ்டி என்னும் பெயர் 1970களில் வந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அதே பெயர்களில் விற்பனைக்கு வந்திருப்பவை நான்கு வீச்சு எஞ்சின்கள். அவற்றின் உதிரிகள் எதுவும் பழைய இரு வீச்சு எஞ்சினுக்குப் பொருந்தா. ஆகவே ஒரு சிலிண்டர் தலை கெட்டால் இன்னொன்றைத் தேடிப் பழைய இரும்புக் கடைகளில்தான் அலைய வேண்டும்.

தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைச் சிற்றூர்களின் பேச்சு என் ஆய்வுப் பொருள். பாலாறு என்றதும் வேலூரை நினைக்க வேண்டா. இது காவிரியில் கலக்கும் சிற்றாறு. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகச் செல்லும் சாலை இங்கேதான் கர்நாடகத்துக்குள் நுழைகிறது. 1956 வரை கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். எண்பதைக் கடந்த ஒரு பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்ய நாள் குறித்துச் சென்றுகொண்டிருந்தேன். பாலாற்றைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் வளைவொன்றில் ஸ்பார்க் பிளக் தன் மரையையும் பிய்த்துக்கொண்டு வெளியே தெறித்தது.

இது ஒரு நாளில் நேர்வதன்று. சூடான தலையில் பிளக்கை முடுக்கினால், ஆறும்போது அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கி அதை இறுகப் பற்றிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றுகையில் மென்மையான உலோகம்தான் பிய்ந்து வரும். எனக்கு முந்தைய உரிமையாளர்கள் யாரோ பல ஆண்டுகள் இப்படிச் செய்திருக்கிறார்கள். அளவு மாறிய ஆணிகளும் இத்தகைய அழிவுக்குக் காரணம். திருவொற்றியூரில் உருவான பழைய என்ஃபீல்டுகளில் அங்குலக் கணக்கு. 1841இல் விட்வொர்த் வகுத்த வழியில் மரையின் கோணம் 55 பாகை. ஜாவாவிலோ மில்லிமீட்டர் கணக்கு, 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பாதி வரை ஏறவும் செய்யும். மீதியைப் பலத்தால் ஏற்றுபவன் மரையை அழிக்கிறான்.

சரக்கு வண்டியொன்றில் ஏற்றி மேட்டூர்ப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“பதினெட்டு எம்எம்முக்குப் பெருசாக்குனா அரைமணி நேர வேலை தம்பி. ஆனா அதுவும் போச்சுன்னா பண்றதுக்கு ஒண்ணுமில்ல. தலையில சதை அவ்வளவுதான்.”

“காயில் போட்டா நிக்குமாண்ணே?”

“நிக்கும். நேரா இறங்கணும். கோணிடுச்சுன்னா தலையே போச்சு.”

உலோகத்தின் தடிமனுக்குச் ‘சதை’ என்ற சொல் அன்றே என் குறிப்பேட்டில் ஏறியது. பாட்டியிடம் வாங்க வேண்டியதை மெக்கானிக்கிடம் வாங்கிக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிளையும் தத்துவத்தையும் சேர்த்துப் பேசுவோர் அனைவரும் பிர்சிக்கின் 1974ஆம் ஆண்டு நூலிடம் போய் நிற்பர். அதில் கழற்ற முடியாமல் சிக்கிக்கொண்ட திருகாணி ஒன்று வருகிறது. அது தலை சிதைந்த ஆணி, ஆணியை எறிந்துவிடலாம். இங்கே சிதைந்தது துளை. துளையை எறிய முடியாது என்பதுதான் என் கவலை.

காயில் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நாள் கழித்துப் பார்சலில் வந்தது. சாய்சதுர வெட்டுமுகம் கொண்ட துருவேறா எஃகுக் கம்பியின் சுருள் அது. அதன் வெளிப்புறம் அலுமினியத்தில் புதிதாக வெட்டிய மரையில் அமரும். உட்புறமே பழைய 14 மில்லிமீட்டர், 1.25 இடைவெளி மரையாகிவிடும். துளையைவிடச் சற்றுப் பெரிதாகச் சுற்றப்பட்டிருப்பதால் உள்ளே இறங்கியபின் தானே விரிந்து பற்றிக்கொள்கிறது.

இரு வீச்சு எஞ்சினில் வால்வுகள் இல்லாததால் தலையைக் கழற்றுவது எளிது. துகள்கள் சிலிண்டரில் விழும் அச்சமும் இல்லை. பிளக் அமரும் தளத்துக்குச் செங்குத்தாகத் தலையைப் பிடித்து, மண்ணெண்ணெய் விட்டு, டேப்பை அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று இறக்கினார். பிசிறு உடைவதற்காக இந்தப் பின்னடைவு. அதற்கு முன் ஒரு கழிவு வார்ப்பில் முழு வேலையையும் ஒருமுறை செய்து பார்த்திருந்தார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். மட்டக்கோலை இருமுறை மட்டும் வைத்தார். மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். ஏன் என்றேன். “கோணுனா கை முதல்ல சொல்லும், கண்ணுக்கு அப்புறந்தான் தெரியும்” என்றார். ஆய்வு முறையியல் வகுப்புகளில் சொல்லில் அடங்காத அறிவு என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். அங்கே அது பத்துச் சுற்றில் நடந்து முடிந்தது.

காயிலை மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அடியிலிருந்த வாலை ஒடித்து எடுத்தார். புதிய பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகி, வாஷர் நசுங்க அரைச்சுற்று மட்டும் ஸ்பானரால் முடுக்கினார். தலையை மாட்டி, பிளக்கைச் சுற்றிச் சோப்பு நீர் தடவிக் கிக்கரை உதைத்தார். குமிழி வரவில்லை. எஃகு மரையாதலால் இது பழையதைவிட உறுதியானது. இருந்தும் எஞ்சின் ஆறும்வரை பிளக்கில் கைவைப்பதில்லை.

அடுத்த வாரம் பாட்டியின் பதிவு முடிந்தது. 3 மணி நேரம் பேசினார்.