துணிக்குக் காவல்

என் மாமா குற்றாலத்துக்கு வேன் பிடிக்கிறார் என்றால் எங்கள் தெருவில் நாலு பேருக்காவது திடீரென்று அவர் மேல் பாசம் பொங்கும்!

பன்னிரண்டு ஸீட் வேன். அதில் இருபத்தோரு பேர் போன வருஷமும் உண்டு. எனக்கு எப்போதும் கியர் ராடு பக்கத்து இடம். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்காலையும் சேர்த்து மாற்றுவார்.

மாமா மதுரையில் அரசாங்க கிளார்க். மாதக் கடைசியில் அவர் சட்டைப் பையில் பஸ் டிக்கெட் தவிர வேறெதுவும் இருக்காது. ஆனால், ஜூன் மாதம் 'குற்றாலத்தில் சாரல்' என்று பேப்பரில் ஒரு வரி வந்துவிட்டால் போச்சு. ஆபீஸ் பியூன், எதிர்வீட்டு டீச்சர் குடும்பம், பஸ் ஸ்டாண்டில் பழக்கமான பேனா ரிப்பேர்காரர் (பெயர்கூடத் தெரியாது!) என்று ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார். "காசு எவ்வளவு..." என்று யாராவது இழுத்தால், "அருவி என்ன டிக்கெட்டா கேக்குது?" என்பார். அருவி கேட்காது சார், வேன்காரன் கேட்பானே! பி.காம். முடித்த தெம்பில் ஒருதடவை இதை எடுத்துச் சொன்னேன். "ஒன் படிப்பைப் பரீட்சையோட வச்சுக்க, மாப்ளே" என்று முடித்துவிட்டார்.

திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கடையநல்லூர், தென்காசி. சுமார் 160 கிலோமீட்டர். ராஜபாளையம் தாண்டினால் வலது பக்கம் மலை கூடவே வரும். மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மேகத்தின் நிறத்தைப் பார்த்தே, "ஐந்தருவில அஞ்சும் விழுது" என்று ஜோசியம் சொல்வார். போய்ப் பார்த்தால் மூன்று விழும். "ரெண்டு லீவுல போயிருக்கு" என்பார், கூசாமல்.

காடு என்றால் மாமாவுக்குப் பைத்தியம். விடியற்காலை ஐந்து மணிக்கே எல்லோரையும் எழுப்பி செண்பகாதேவிக்கு ஏற்றிவிடுவார். செருப்பில்லாமல் முன்னால் நடப்பார். எந்த வேரைப் பிடித்தால் தாங்கும், எந்தப் பாறை வழுக்கும் எல்லாம் அத்துப்படி. முதுகில் எப்போதும் யாராவது ஒரு வாண்டு. (இப்போது அங்கே குளிக்க வனத்துறை விடுவதில்லை. மாமா இருந்தால் கலெக்டருக்கு மனு எழுதியிருப்பார்.)

கீழே பேரருவி. உயரம் 60 மீட்டருக்குக் குறையாது. சிற்றாறு அப்படியே நேராகத் தலையில் விழுந்தால் மண்டை மிஞ்சாது. நல்லவேளையாக, நடுவில் பாறையில் பொங்குமாங்கடல் என்று ஒரு பெரிய பள்ளம். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் குறைந்து, அப்புறம் பொங்கி வழிந்துதான் நம்மிடம் வருகிறது. மாமா அதைக் காட்டி, "எல்லா அடியையும் அது வாங்கிக்குது பாரு, ஒங்க அத்தை மாதிரி" என்பார். வேனே சிரிக்கும். அத்தையும் சிரிப்பார்.

ஒருமுறை, முன்பின் தெரியாத ஓர் ஆளின் துணிப்பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மாமா தன்னுடைய காய்ந்த வேட்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஈரத்துண்டோடு மதுரை வரை வந்தார். வழியெல்லாம் தும்மல்.

2023 டிசம்பரில், தூக்கத்திலேயே போய்விட்டார். வாசல் கொள்ளாத கூட்டம். பேனா ரிப்பேர்காரர் தேம்பித் தேம்பி அழுதார். கடைசி இரண்டு வருஷமும் மாமா என்னை போனில் கூப்பிட்டார். "ஒரு கட்டுரை பாக்கியிருக்கு மாமா, அடுத்த சீஸனுக்கு வர்றேன்" என்றேன். என்ன கட்டுரை என்று இப்போது ஞாபகமில்லை.

அந்த உறுத்தலில்தான் மறு வருஷம் ஜூலையில் அத்தையை மட்டும் காரில் அழைத்துப் போனேன். பேரருவி. நல்ல சாரல். அத்தை நேராக ஒரு கடை ஓரத்துக்குப் போனார். பேப்பரை விரித்து உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"சட்டை, வாட்ச்செல்லாம் குடுய்யா. நீ போய்க் குளிச்சுட்டு வா."

கொடுத்துவிட்டு, துண்டோடு பத்தடி போனவன் நின்றேன். திரும்பி வந்தேன்.

"நீங்க போங்க அத்தை. நான் பாத்துக்கறேன்."

"எனக்கெதுக்குய்யா? பழக்கமில்ல."

"முப்பது வருஷமா வர்றீங்களே!"

"வருவேன். பையை யார் பாக்குறது? நீங்க குளிச்சுட்டு வந்ததும் பசிக்குதும்பீங்க. புளியோதரைப் பொட்டலம் பிரிக்கணும். ஈரத்துணி பிழியணும். ஒங்க மாமா ஒவ்வொரு வாட்டியும், 'இந்தா வந்துட்டேன், அடுத்து நீ போ'ம்பாரு. வரும்போது புதுசா ரெண்டு பேரைச் சாப்பிடக் கூட்டியாந்துருவாரு." சிரித்தார். "கல்யாணமான புதுசுல ஒரேயொரு தடவை நின்னேன்."

ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுத வேண்டும் என்று காலேஜில் மூன்று வருஷம் உருப்போட்டவன் நான். மாமாவின் தாராளத்துக்கு மறுபக்கத்தில் யார் பெயர் என்று ஒரு நாளாவது பார்த்தேனா? அந்தப் பக்கத்துப் புளியோதரையை இரண்டாவது தடவை வாங்கித் தின்றதுதான் மிச்சம்.

மாமா மேல் கோபம் வந்ததா என்றால், இல்லை. அவர் மோசக்காரர் கிடையாது. மறதிக்காரர். கூட இருந்த எங்களுக்கெல்லாம் அந்த மறதி வசதியாக இருந்தது.

கெஞ்சிக் கூத்தாடி அத்தையைப் பெண்கள் பக்கம் அனுப்பினேன். பேப்பரில் உட்கார்ந்தேன். காவல் காப்பது லேசான வேலை இல்லை ஸார். குரங்கைப் பார்க்க வேண்டும், மனுஷனைப் பார்க்க வேண்டும், "எண்ணெய் மசாஜ்..." என்று வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சாரலில் பேப்பர் நனைந்து... அதற்கப்புறம் மற்றதும் நனையும். அருவியை மட்டும் பார்க்க முடியாது.

முக்கால் மணி நேரம் கழித்து அத்தை வந்தார். உதடெல்லாம் நீலம். பல் தந்தியடித்தது. கண் மட்டும் பளபளவென்று...

"என்னா அடி அடிக்குது!" என்றவர், அடுத்து கேட்டார்: "பசிக்குதுய்யா. என்ன இருக்கு?"

ஒன்றுமே கொண்டு போகவில்லை! அந்த எண்ணமே வரவில்லை. பையை அப்படியே விட்டுவிட்டு பஜ்ஜிக் கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால், அத்தை சாவகாசமாகத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறார். கடைக் கூரை மேல் ஒரு குரங்கு. அதன் கையில் என் சட்டை.

"அத்தை! பாத்துக்கலையா?"

"பாத்துட்டுத்தான்யா இருந்தேன்" என்று பஜ்ஜிப் பொட்டலத்தைக் கையில் வாங்கினார். "போகட்டும் விடு. ஒங்க மாமாவுக்கு வேட்டியே போச்சு."