அடியிலையோ, நுனியிலையோ

போன ஓகஸ்ட் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, றெஸ்ரோறன்ற் பூட்டியிருக்கும் நாள். குசினியில் என்னோடு நிற்கும் ஜேர்மன்காரன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். பல்கணியில் மூன்று சாடிகள், மூன்று கஞ்சாச் செடிகள். பூக்கத் தொடங்கியிருந்தன. இலைகளோ மஞ்சள்.

2024 ஏப்ரல் 1இலிருந்து இந்த நாட்டில் வயதுவந்த ஒருவர் வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். சட்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் பல்கணிக் கதவடியிலேயே நின்றுவிட்டேன். நீட்டி நீட்டி எடுக்கிற விசாக்காரனுக்குச் சட்டம் வேறு, பயம் வேறு. ஊரில் இதில் ஒரு செடி நின்றாலே பொலிஸ் வீட்டுக்கு வந்துவிடும்.

"நீ விவசாயம் படிச்சவன்தானே, வந்து பார்" என்றான்.

படித்தது இரண்டு வருடம். 2012இல் நின்றுபோனது. அதன்பிறகு கோப்பை கழுவிய கைதான். ஆனால் குனிந்து பார்த்ததும் ஐயாவின் குரல்தான் முதலில் வந்தது. மிளகாய்த் தோட்டத்தில் மஞ்சள் என்று யார் வந்து சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அடியிலையோ, நுனியிலையோ?"

பல்கலைக்கழகத்தில் அதற்கே விளக்கம் தந்தார்கள். நைதரசன் செடிக்குள் நகரக்கூடியது. போதாதபோது செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்து இளந்தளிருக்கும் பூவுக்கும் கொடுக்கும். அதனால் அடியிலை முழுதாய் வெளிறும். மகனீசியக் குறையும் அடியில்தான் தொடங்கும், ஆனால் நரம்பு பச்சையாய் நிற்கும். இரும்பு நகராது. அதன் குறை நுனியில் தெரியும்.

இவனுடையது அடியிலை, நரம்போடு சேர்ந்த மஞ்சள். பூத்தவுடனே நைதரசன் இல்லாத பூப்பசளைக்கு மாறியிருக்கிறான். பூக்கிற செடிக்கு நைதரசன் குறைவாய்ப் போதும், இல்லாமல் முடியாது. போதாததற்குச் சாடித் தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. வேர் மூச்சுவிட வேண்டாமா?

தட்டை ஊற்றச் சொன்னேன். மேல்மண் காயவிட்டு, பழைய பசளையைப் பாதியளவில் கரைத்து விடச் சொன்னேன். மஞ்சளானது திரும்பப் பச்சையாகாது, புது இலையைப் பார் என்றேன். அறுவடைக்குக் கிட்ட வருகிற மஞ்சளுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றும் சொல்லிவைத்தேன். செடியை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

இரண்டு கிழமையால் குசினியில் வைத்துப் போனில் படம் காட்டினான். தளிர் நல்ல பச்சை. கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த பெடியனிடம், "இவன் செடி வைத்தியன்" என்றான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அன்றிரவு ஐயாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

"என்ன செடியடா?"

"மிளகாய், ஐயா" என்றேன்.