முகவரி தீர்ந்துபோன லேப்

திங்கள்

காலையிலேயே கல்லூரியின் இரண்டாவது லேபில் நெட் இல்லை என்று போன். போய் ஐபிகான்ஃபிக் அடித்தால், 169.254 என்று தொடங்கும் முகவரி. கேட்டும் யாரும் கொடுக்காததால் விண்டோஸ் தானாகவே வைத்துக்கொண்டது. முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாருக்கு எந்த முகவரி என்று காட்டும் லீஸ் பட்டியலைத் திறந்தேன். லேபில் இருப்பதோ நாற்பது கணினி. அந்தப் பிரிவின் முகவரிகள் ஒன்றுவிடாமல் தீர்ந்திருந்தன. பேருந்து நிற்குமுன்பே ஜன்னல் வழியாக எல்லா சீட்டிலும் துண்டு போட்டதுபோல, யாரோ பொய் மேக் முகவரிகளைக் காட்டி அத்தனையையும் பிடித்துவிட்டார்கள். பட்டியலைத் துடைத்ததும் லேப் எழுந்தது.

செவ்வாய்

ரால்ஃப் டிராம்ஸ் 1997இல் எழுதிய டிஹெச்சிபி வரையறையான ஆர்எஃப்சி 2131ஐ மறுபடி படித்தேன். இந்த முறைக்குப் பாதுகாப்பு இல்லை என்று அதிலேயே இருக்கிறது. போலி சர்வர் வரலாம், ஒருவனே எல்லா முகவரிகளையும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. அதைப் படித்த பிறகும் நாம் சும்மா இருப்பதுதான் பொறுக்கவில்லை. ஆளைச் சரிபார்க்கும் வழி ஒன்று 2001இல் வந்தது. நான் பார்த்த எந்த நெட்வொர்க்கிலும் அது இல்லை.

என்னைப் பயமுறுத்துவது அடுத்த கட்டம். உண்மையான சர்வரின் கை காலியானதும் தாக்குபவன் தன் சர்வரை வைப்பான். கேட்வேயாகவும் டிஎன்எஸ்ஸாகவும் தன் கணினியையே காட்டுவான். நெட் வந்துவிடும், புகாரும் நின்றுவிடும். மாணவர்கள் அடிக்கும் ஒவ்வொன்றும் அவன் வழியாகப் போகும். விபிஎன் இருந்தாலும் நிம்மதி இல்லை: டிஹெச்சிபியின் 121ஆம் ஆப்ஷனை வைத்தே விபிஎன் போக்குவரத்தைத் திசைதிருப்பலாம் என்று 2024 மே மாதம் வெளிவந்த டனல்விஷன் என்ற தாக்குதல் காட்டியது.

புதன்

சுவிட்ச்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கைப் போட்டேன். சர்வர் பக்கத்து போர்ட் மட்டும் டிரஸ்ட்டட். வேறு எங்கிருந்து ஐபி ஆஃபர் வந்தாலும் அங்கேயே விழும். போர்ட் செக்யூரிட்டி ஏற்கெனவே இருந்தது, ஆனால் பயன்படவில்லை. அது பார்ப்பது ஃபிரேமின் மேக்கை. பொய் இருந்தது டிஹெச்சிபி செய்திக்குள். ஸ்னூப்பிங் இரண்டையும் ஒப்பிடும்.

மதியம் லாக்கில் ஒரே போர்ட் திரும்பத் திரும்ப வந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசி பெஞ்சு, ஒரு மாணவன், அவன் லேப்டாப்பில் ஒரு தாக்குதல் கருவி.

"வீடியோ பார்த்துச் செஞ்சேன் சார். லேபே நிக்கும்னு தெரியாது."

துறைத்தலைவரிடம் தண்டனை வேண்டாம் என்று சொன்னேன். நெட்வொர்க்கில் சேராத பழைய சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அதில் பழகட்டும். ஸ்னூப்பிங் இந்த சுவிட்ச்சுகளை வாங்கிய நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. வேறு எந்த மாடியிலும் இன்னும் போடவில்லை. நாளை நூலகத்திலிருந்து தொடங்க அனுமதி கேட்டிருக்கிறேன்.