முப்பது மதிப்பெண் ஆங்கிலம்

தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் பட்டதாரி ஒருவர் முதலில் தாண்ட வேண்டியது ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60 கேள்விகள் கணிதம் - அறிவியல் அல்லது சமூக அறிவியல். மொழி படித்தவர்கள் பெரும்பாலும் சமூக அறிவியலின் பக்கம் போய்விடுகிறார்கள். ஆகவே ஆங்கில ஆசிரியராகப் போகிறவர் இரவில் கண்விழித்துப் படிப்பது பல்லவர்களின் வரிசையையும் வளிமண்டல அடுக்குகளையும்தான். ஆங்கிலம் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் ஒரு வாக்கியம்கூட அவர் எழுத வேண்டியதில்லை, ஒரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு விடைகளில் ஒன்றுக்கு எதிரே உள்ள வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும்.

நான் சேந்தமங்கலத்தில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இப்படியொரு தேர்வு கிடையாது. பட்டமும் பி.எட்.டும் முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்புப்படி அழைப்பு வரும்வரை காத்திருப்போம். சிலருக்கு அழைப்பு வருவதற்குள் தலை நரைத்துவிடும். குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தபிறகு, அதைத் தொடர்ந்து தகுதித் தேர்வும் வந்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, இரண்டு தாள்களிலும் சேர்த்துத் தேறியவர்கள் 2448 பேர். அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்து, நேரத்தை மூன்று மணியாக உயர்த்தினார்கள்.

இதையெல்லாம் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அது வேறு யாருடைய கவலையோதான். சென்ற ஆண்டு கொல்லிமலையிலிருந்து ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரத் தொடங்கியபிறகுதான் கேள்வித்தாளை முழுமையாக உட்கார்ந்து படித்தேன்.

அவளுக்கு ஊர் வளப்பூர் நாட்டில் ஒரு சிற்றூர். (கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கு இன்னும் நாடு என்றுதான் பெயர்: வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு. ஓரி ஆண்ட மலையில் வேறெப்படிப் பெயர் வைப்பது!) சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அடியில் கொஞ்சம் காப்பி, சரிவில் மரவள்ளி என்று மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றுக்கு என்ன உண்டோ அவ்வளவுதான் அவளுடைய வீட்டுக்கும். மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே இறங்கி இளங்கலை ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்திருக்கிறாள். 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது அவள் ஊருக்குத் தன்னார்வலர் அவள்தான். மாதம் ஆயிரம் ரூபாய். தேர்வுக்குத் தயாராவதற்கு நாமக்கல்லில் பயிற்சி மையங்கள் உண்டு. (முட்டை, லாரிக்கு அடுத்தபடியாக எங்கள் மாவட்டம் உற்பத்தி செய்வது மதிப்பெண்களைத்தான்.) அந்தக் கட்டணம் அவளுக்குக் கட்டுப்படியாகாது. யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மலையிலிருந்து காரவள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் புத்தகத்தைப் பிரித்தால் இரண்டாவது வளைவிலேயே குமட்டும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அவள் அதைப் பயன்படுத்திக்கொண்டாள். வளைவுக்கு ஒரு செய்தி. எழுபதில் தொடங்கி இறங்க இறங்க, முந்தின இரவு படித்ததில் எழுபது செய்திகளை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பாளாம். “முப்பத்தெட்டுலயும் பதினொண்ணுலயும் என்னிக்கும் மறந்துடுது சார். அங்க வண்டி ரொம்ப ஒடிக்குது” என்றாள்.

சமூக அறிவியலிலும் தமிழிலும் என்னால் அவளுக்கு ஆகப்போவது எதுவுமில்லை. உளவியலை அவளே படித்துக்கொண்டாள். எனக்கு விடப்பட்டது அந்த முப்பது மதிப்பெண். அதில் பெரும்பகுதி பள்ளி இலக்கணம்: செய்வினை, செயப்பாட்டுவினை, இணைச்சொல், எதிர்ச்சொல், ஆர்ட்டிகிள், கொஸ்டின் டேக். விடையை அவள் எப்போதும் சரியாகவே சொன்னாள். ஏன் அது விடை என்று கேட்டால்தான் நின்றுவிடுவாள். வழிகாட்டி நூல்கள் அவளைப் பழக்கியிருந்த விதம் அப்படி.

கொஸ்டின் டேக்கை எடுத்துக்கொள்வோம். தமிழில் எந்த வாக்கியத்தின் வாலிலும் ‘இல்லையா’ என்று ஒட்டிவிடலாம். நீ வந்தாய், இல்லையா? அவர்கள் பாடுவார்கள், இல்லையா? மழை பெய்யவில்லை, இல்லையா? ஒரே வால் எல்லா உடலுக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்திலோ வாக்கியத்தின் துணைவினையைத் தேடிப்பிடித்து, அதைத் திருப்பிப்போட்டு, உடன்பாட்டை எதிர்மறையாக்கி, எழுவாய்க்குப் பிரதிப்பெயர் வைத்து, அதன்பிறகே வால் முளைக்கும். ‘ஷி இஸ் எ டீச்சர், இஸ்ன்ட் ஷி?’ ஆனால் ‘ஐ ஆம் லேட்’ என்று தொடங்கினால் அந்த விதி முட்டிக்கொண்டு நிற்கிறது. ‘ஆம்’ என்பதற்குச் சுருங்கிய எதிர்மறை வடிவம் பொதுவழக்கில் இல்லாததால் ‘ஆர்ன்ட் ஐ?’ என்று ‘ஆர்’ கடன் வாங்கப்படுகிறது. இதை விளக்கியபோது அவள் சிரித்தாள். “இங்கிலீஷ்லயும் கடன் வாங்குவாங்களா சார்?” அதன்பிறகு அந்த வகைக் கேள்வியை அவள் மனப்பாடம் செய்யவில்லை.

ஆர்ட்டிகிளில் தமிழ் அவளுக்குக் கைகொடுத்தது. உயிர் முதலில் வந்தால் ‘ஓர்’, மெய் வந்தால் ‘ஒரு’. ஆங்கிலத்தின் ‘அன்’னும் ‘எ’யும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. தமிழில் எழுதுவதும் ஒலிப்பதும் முதலெழுத்தில் ஒன்றாகவே இருப்பதால் நமக்குக் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து முடிவு செய்தால் வழுக்கும். ‘அவர்’ என்று ஒலிக்கும் மணிநேரத்துக்கு எழுத்தில் முதலில் நிற்பது மெய். ‘யுனிவர்சிட்டி’க்கு எழுத்தில் உயிர், ஒலியில் மெய். காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் காது எங்கே கிடைக்கும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் பெரிய பிரச்சினையாக இருந்தது.

ஒருநாள் அவளுடைய பழைய பள்ளிப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஓரங்களில் பென்சிலால் ஆங்கிலச் சொற்களுக்கு மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருந்தது. ஊர்ப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான், நானும் அப்படித்தான் படித்தவன். கிரிக்கெட் மட்டைக்கு ‘பேட்’. முதுகில் தட்டுவதற்கு ‘பேட்’. கெட்டதற்கு ‘பேட்’. எழுதும் அட்டைக்கும் ‘பேட்’. நான்கு வெவ்வேறு சொற்கள் தமிழ் எழுத்தின் வழியாக வடிந்து ஒன்றாகியிருந்தன. நமது எழுத்தின் குறையில்லை இது. வல்லினத்தின் அதிர்வைப் பிரித்துக்காட்ட வேண்டிய தேவை தமிழுக்கு இருந்ததில்லை, அதனால் எழுத்தும் தோன்றவில்லை. பிரிட்டிஷ் செந்தர ஆங்கிலத்தில் 44 ஒலிகள் என்று அவள் கல்லூரியில் படித்திருக்கிறாள். அவற்றின் குறியீடுகளை வரிசையாக எழுதியும் காட்டினாள். அவற்றில் பலவற்றை அவள் கேட்டதே இல்லை. மூன்று ஆண்டுக் கல்லூரிப் படிப்பில் வாய்திறந்து ஆங்கிலம் பேசிய சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணினாள். ஒரு கை போதுமானதாக இருந்தது.

இங்கேதான் எனக்கு அந்தத் தேர்வின்மேல் கோபம் வந்தது. மொழியாசிரியரின் வாயைத் திறக்கச் சொல்லாமலேயே மொழியாசிரியர் தகுதியை எப்படி அளப்பது? ஹாங்காங்கில் ஆங்கில ஆசிரியர்களுக்கென்று 2001 முதல் ஒரு மொழித்திறன் தேர்வு நடக்கிறது. வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என்று நான்கு பகுதிகள். அவை போதாவென்று, ஆசிரியர் பாடம் நடத்தும்போது வகுப்பின் பின்வரிசையில் மதிப்பீட்டாளர் உட்கார்ந்து அவருடைய வகுப்பறை ஆங்கிலத்தையும் கவனித்து மதிப்பிடுவார். அந்தத் தேர்வு வரப்போகிறது என்றதும் அங்கே ஆசிரியர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அது அளக்க வேண்டியதை அளக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் இதை ஓர் ஆதங்கத்தோடு சொன்னேன்.

அவள் வேறு மாதிரி யோசித்தாள். “பின்னாடி வந்து உக்கார்றவரு யாரு சார்?” என்றாள். அவரும் எங்கிருந்தோ வருகிற மனிதர். மலைப்பெண் பேசும் ஆங்கிலத்தை அவர் எந்தக் காதால் கேட்பார்? அவளுடைய தமிழையே கல்லூரி விடுதியில் பேச்சு நடையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். “ஓ.எம்.ஆர். ஷீட்டுக்கு நான் எந்த ஊருன்னு தெரியாதுல்ல சார்.”

நான் பதில் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வுகள் எப்படி நடக்கும், யாருடைய பேச்சு ‘நல்ல ஆங்கிலம்’ என்று முடிவாகும் என்பதை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்தவன் நான். செவிட்டுத் தேர்வு என்று நான் திட்டிய அதே குணம்தான் அவளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பாதுகாப்பு. அப்படியென்றால் அவளிடம் படிக்கப்போகும் பிள்ளைகள் அந்த 44 ஒலிகளை எங்கே கேட்பார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு அவள்தான் வழி கண்டாள். செம்மேட்டில் கைப்பேசிக் கோபுரம் நன்றாக எடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு வாரம் இருமுறை எனக்கு ஏழாம் வகுப்புப் பாடத்தைப் படித்துக்காட்டுவாள். நான் நிறுத்தி நிறுத்தித் திருத்துவேன். என் உச்சரிப்பு சேந்தமங்கலத்து உச்சரிப்பு, அது வேறு விஷயம்.

அப்படி ஒரு மாலையில்தான், மலைக்கு இங்கிலீஷ் எப்போது வந்தது என்று கேட்டாள். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியைப் பற்றிச் சொன்னேன். 1913 வாக்கில் மலையேறியவர்கள். சாலை கிடையாது, வளைவுகளும் கிடையாது. வாழவந்தியில் பள்ளியும் மருத்துவமும் நடத்தினார்கள். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து ஒன்பது வயதுவரை கொல்லிமலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியவர் அவர்தான். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்தார். எவலின் முதுமையில் மறுபடியும் மலைக்கே வந்து, 95 வயதில், 1974-இல் இறந்தார். இருவரையும் மலையிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லறை அவளுக்குத் தெரிந்திருந்தது, கதைதான் தெரியாது. “அந்தம்மா நம்ம பேச்சக் கத்துக்க யாருகிட்ட வந்து உக்காந்திருப்பாங்க?” என்று கேட்டாள். எனக்கு இதுவரை அப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லை.

செப்டம்பரில் இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன் பணியில் சேர்ந்தவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்குமேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் பணியில் தொடர முடியாது. தமிழ்நாட்டில் ஆசிரியர் அறைகள் அன்று எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. அடுத்த ஞாயிறு அவளோடு ஐம்பதை நெருங்கும் ஒருவர் வந்தார். பள்ளியில் அவளுக்கு ஆங்கிலம் எடுத்தவர். பதிவு மூப்பில் வேலைக்கு வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. திண்ணையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். “ஏம்மா, பியாஜே சொன்ன அந்த நாலு நெலையும் வரிசையாச் சொல்லு, எழுதிக்கறேன்.”

அவள் எழுந்து நின்றுதான் சொன்னாள். புலன் இயக்க நிலை, செயலுக்கு முந்தைய நிலை என்று அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். “உக்காரும்மா” என்று இரண்டுமுறை சொன்னார். அவள் நான்கையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இருபது ஆண்டுகளாகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு இருந்தவர் அவர். அவர்களுடைய மனம் எப்படி நகரும் என்பதைத் தூக்கத்திலும் சொல்லுவார், பியாஜேயின் சொற்களில் சொல்ல வராது. அவளுக்குச் சொற்கள் இருந்தன, வகுப்பறை இல்லை. தேர்வு இந்த இருவரில் யாரைத் தகுதியுள்ளவர் என்று சொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்கு அது உவப்பாகவும் இல்லை.

அவர் வந்தபிறகு ஞாயிறுகள் கலகலப்பாயின. இலக்கணத்தில் அவர் கெட்டி. கொஸ்டின் டேக்கில் நான் சொன்ன ஒரு விளக்கத்தைவிட அவர் கரும்பலகைக்குச் சொல்லும் விளக்கம் சிறப்பாக இருந்தது. பதிலுக்கு அவள் அவருக்குக் கைப்பேசியில் பழைய கேள்வித்தாள்களைத் தரவிறக்கிக் கொடுத்தாள். ஒருமுறை அன்னாசியைப் பற்றிப் பேச்சு வந்தது. கொல்லிமலையில் விளையும் பழத்துக்கு ஆங்கிலப் பெயர் பைனாப்பிள். அதில் பைனும் இல்லை, ஆப்பிளும் இல்லை. தமிழ்ப் பெயரோ போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அவர்கள் இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். தேர்வில் வராத பாடம்.

இரண்டாம் தாள் 2025 நவம்பர் 16 ஞாயிறு. முதல்நாளே இறங்கி உறவினர் வீடுகளில் தங்கிக்கொண்டார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம், அவளுடைய வீட்டில் ஓர் ஆள் குறைவு. தேர்வு முடிந்து மலைக்குத் திரும்பும் வழியில் இருவரும் என் வீட்டில் இறங்கினார்கள். சமூக அறிவியல் இழுத்தடித்ததாக அவர் சொன்னார். ஆங்கிலம் எளிது என்று இருவரும் சொன்னார்கள், முப்பதையும் அவள் இருபது நிமிடத்தில் முடித்திருந்தாள். அவளுக்கு இத்தோடு முடியாது. தேறினாலும், பணிக்கு இன்னொரு போட்டித் தேர்வு இருக்கிறது. அதில் 150 கேள்விகளும் ஆங்கிலப் பாடத்தில்தான், தமிழ்த் தகுதித் தாள் தனி. அதற்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள்.

அலமாரியிலிருந்து டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதியை எடுத்துக் கொடுத்தேன். 1917-இல் முதலில் வந்த நூல், என்னிடம் இருப்பது பிந்தைய பதிப்பு, அட்டை கழன்றது. அவள் பிரித்து, முதலில் அந்த நான்கு ‘பேட்’களையும் தேடினாள். ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேறாக இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினாள். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். டிசம்பர் முடியும்வரை தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஏழாம் வகுப்புக்கு வேண்டும் என்றார். அரையாண்டு விடுமுறைவரை அவரிடம், பிறகு அவளிடம் என்று பேசி முடித்தார்கள். அகராதி அவருடைய பையில் போயிற்று. செம்மேடு வண்டிக்கு நேரமாகிவிட்டது.