எந்தப் பள்ளி?

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்த முதல் வாரம். "முன்பு எந்தப் பள்ளி?" என்று பக்கத்து இருக்கை மாணவன் மலாய்மொழியில் கேட்டான். "ஸ்ரீ கெம்பாங்கானில்தான், வீட்டுக்குப் பக்கத்தில்" என்றேன். பொய்யில்லை. ஆனால் 'தமிழ்ப்பள்ளி' என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. என் மலாய் உச்சரிப்பைக் கேட்டு முதல் நாளே இருவர் சிரித்திருந்தார்கள். ஐந்தாம் படிவம் முடியும்வரை அந்தச் சுற்றுவழிப் பதிலே எனக்குப் பழகிப்போனது.

பல்கலைக்கழகத்தில் பைத்தான் நிரல்மொழியைப் படித்தபோது அந்தப் பதில் மீண்டும் நினைவுக்கு வந்தது. பைத்தானில் முழு எண்ணுக்கு 'இன்ட்', எழுத்துச் சரத்துக்கு 'எஸ்டிஆர்' என வகைப்பெயர்கள் உண்டு; அவற்றை நேராகவே அழைக்கலாம். 'ஒன்றுமில்லை' என்பதைக் குறிக்கும் 'நன்' என்ற மதிப்புக்கும் 'நன்டைப்' என்றொரு வகை உள்ளே இருக்கிறது. ஆனால், அந்தப் பெயரை அப்படியே எழுதினால் பிழைச்செய்திதான் வரும். 'நன் எந்த வகையோ அந்த வகை' என்று சுற்றிவளைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

இப்படி உள்ளே மட்டும் புழங்கும் வகைகளுக்குப் பெயர் தருவதற்கென்றே அதன் நூலகத்தில் 'டைப்ஸ்' என்றொரு தொகுதி உண்டு. நன்டைப்பும் முன்பு அதில் இருந்தது. 2008-இல் பைத்தான் 3.0 வந்தபோது நீக்கிவிட்டார்கள். பின்னாளில், நிரலை இயக்காமலே வகைகளைச் சரிபார்க்கும் கருவிகள் பரவலாயின. சுற்றுவழியை இயக்கிப் பார்த்தால்தானே விடை தெரியும்? அது அக்கருவிகளுக்கு உதவவில்லை. ஆகவே 2021 அக்டோபரில் வெளிவந்த 3.10 பதிப்பில், வேறு இரு வகைகளோடு நன்டைப்பும் அத்தொகுதிக்குத் திரும்பியது. புதிதாக எதையும் படைக்கவில்லை. உள்ளே இருந்ததை வெளியிலிருந்தும் பெயர் சொல்லி அழைக்க வழி செய்தார்கள், அவ்வளவுதான்.

கடந்த ஆண்டு தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தரச் சென்றிருந்தேன். "அண்ணா, நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று ஒரு சிறுவன் கேட்டான். "வீட்டுக்குப் பக்கத்துல..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

"தமிழ்ப்பள்ளிதான், தம்பி."

"அப்புறம் ஏன் அண்ணா மொதல்லயே சொல்லல?"

அடுத்த ஆண்டு அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போவான். அதே கேள்வி அவனுக்காகவும் காத்திருக்கும். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் பள்ளியின் பெயரை முழுமையாகவே சொல்கிறேன். அன்று அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.