தேய்ந்த சாமானே அளவு

வாணியம்பாடி டேனரிகளில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் கணக்கு உண்டு. ஷூவின் மேல்பாகத்துக்கு 1.2 மில்லிமீட்டர் தோல் கேட்டால், ஷேவிங் மெஷினில் சீவி, கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். அந்த மெஷின்களின் ஷாஃப்டும் புஷ்ஷும் தேய்ந்தால் கடைந்து கொடுக்க ஊரில் லேத்துப் பட்டறைகள் இருக்கின்றன. பழைய புல்லட்காரர்களும் கடை கடையாக அலைந்துவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

நான் போயிருந்த பட்டறையில் லேத் ஓட்டுகிற பெரியவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். ஓர் இளைஞர் கனெக்டிங் ராடும் புது புஷ் பாக்கெட்டுமாக வந்தார்.

“78 மாடல் புல்லட்டுக்குன்னு கேட்டுத்தான் வாங்கினேன் பாய். உக்கார மாட்டேங்குது.”

“மாடல் கிடக்கட்டும் தம்பி. பழைய சாமான் எங்க?”

“எடைக்குப் போட்டுட்டேன்.”

பாய் ஒன்றும் சொல்லாமல் மைக்ரோமீட்டரை எடுத்தார்.

மாடல் வருஷத்தைச் சொன்னால் போதாதா என்று கேட்டேன். அதற்குப் பதில் புல்லட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடிய பிறகும் இங்கே வண்டித் தயாரிப்பு ஓடிக்கொண்டே வந்தது. அங்குலக் கணக்கில் வரைந்த எஞ்சினுக்குள் மில்லிமீட்டர் சாமான்கள் ஒவ்வொன்றாக நுழைந்தன. போதாததற்கு, நாற்பது வருஷமாக எத்தனையோ மேஸ்திரிகள் கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஒரே வருஷம் போட்ட இரண்டு வண்டிகள் உள்ளே இரண்டு விதமாக இருப்பது இதனால்தான்.

பாய் ஒரு போல்ட்டைக் காட்டினார். 8 மில்லிமீட்டர் போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். தடிமனில் வித்தியாசம் 0.06 மில்லிமீட்டர். ஆனால் பிரிட்டிஷ் நெருக்க மரையில் அங்குலத்துக்கு 22 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.15 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் போல்ட்டிலோ சுற்றுக்கு 1.25. முதல் இரண்டு சுற்று விரலாலேயே ஏறும், பிறகு இறுகும். சரியாக முடுக்குகிறோம் என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் அலுமினியக் கேஸில் இருக்கிற மரை அறுந்து கையோடு வந்துவிடும். முப்பது ரூபாய்கூடப் பெறாத போல்ட், கிராங்க் கேஸையே கெடுக்கிற கதை இது.

இளைஞரின் புஷ்ஷுக்கு வருவோம். ராடின் துளையை அளந்த பாய், பாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு வெண்கலத் துண்டு ஒன்றை லேத்தில் கட்டினார். வெளி அளவைத் துளையைவிட ஒரு மயிரளவு கூட்டிக் கடைந்தார். இறுக்கமாக உட்கார்ந்தால்தான் ஓடும்போது சுற்றாது. உள் அளவைக் குறைத்தே விட்டார். வைஸில் வைத்து அழுத்தி ஏற்றும்போது புஷ் உட்பக்கம் கொஞ்சம் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகே ரீமர் ஓட்ட வேண்டும். ரீமரைக் கையால் மெல்லத் திருப்பி, எடுத்து, துடைத்து, பிஸ்டன் பின்னை எண்ணெய் தடவி நுழைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அழுத்தத்துக்கு வழுக்கிப் போனது, ஆட்டினால் ஆடவில்லை. “இவ்வளவுதான்” என்றார்.

பிஸ்டனிலும் இதே ஒழுங்கு. பழைய 350 புல்லட்டின் போர் 70 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று குறுக்கும் நெடுக்கும் அளந்து, எந்த ஓவர் சைஸ் என்று முடிவு செய்வார்கள். முதலில் பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரை போர் அடிப்பதே முறை. இடைவெளி குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். கூடினால் சத்தமும் புகையும். சிலிண்டரை முன்னால் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுகிறவர்தான் சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் மாதக்கணக்கில் அலைகிறார்.

மைசூரில் செய்து 1996இல் நின்றுபோன எஸ்டி பைக்குக்கும், அதே வருஷம் விடைபெற்ற ஆர்.எக்ஸ். 100க்கும் நிலைமை இன்னும் சிரமம். பேர் ஒட்டிய டூப்ளிகேட் ஏராளம். அளவு ஒத்ததைப் பொறுக்கத்தான் ஆள் வேண்டும்.

கூலி சொன்னதும் இளைஞர் பேரம் பேசினார். பொருந்தாத புஷ்ஷுக்குப் பாக்கெட்டில் போட்ட விலையை அப்படியே கொடுத்தவர்தான். பட்டறையில் கையாளாக இருந்த பையன் போன மாதம் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டானாம். மாதச் சம்பளம், பி.எஃப். இருக்கிறது. அவனைக் குறை சொல்ல முடியாது. பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பதில்லை என்று புலம்புகிற நாம், சாமானுக்குக் கொடுப்பதில் பாதியையாவது கடைசல் கூலிக்கு முகம் சுளிக்காமல் கொடுத்தால், அந்த லேத்துக்கு அடுத்த ஆள் வருவான்.