இரும்பன்ன அன்பு

திருவிழா நாளில் தேர் நிலையிலிருந்து புறப்படும்போது வடம் பிடிக்க ஆயிரம் கைகள் முந்தும். அதே தேர் மழைச் சேற்றில் அச்சளவு புதைந்து நின்றுவிட்டால், அப்பொழுது எஞ்சி நிற்கும் கைகள் எத்தனை என்பதைக் கொண்டே அவ்வூராரின் பற்று அளக்கப்படும். வென்றாரைச் சூழ்ந்து நிற்றல் உலகத்து இயல்பு. அதில் குற்றமும் இல்லை, தனிச்சிறப்பும் இல்லை. தோற்றாரை விட்டகலாது நிற்றலோ அரிய பண்பு. அப்பண்பு போர்க்களத்திலும் அரசவையிலும் மட்டுமன்றி விளையாட்டுக் களத்திலும் விளங்கக் காணலாம். ஜெர்மனி நாட்டின் தலைநகராகிய பெர்லினில், யூனியன் என்னும் காற்பந்துக் கழகத்தின் பற்றாளர்கள் அதனை உலகறியக் காட்டியுள்ளனர்.

பெர்லினின் தென்கிழக்கே, ஸ்பிரே ஆற்றங்கரையில், ஆலைகள் மலிந்த பகுதியொன்று உண்டு. மின்சாரக் கம்பி வடங்களும் இயந்திரங்களும் அங்கே செய்யப்பட்டு வந்தன. 1906ஆம் ஆண்டில் அவ்விடத்தே தோன்றிய சிறியதொரு காற்பந்துக் குழுவே யூனியனின் மூலமாகும். அதன் ஆட்டத்தைக் காண வந்தோரிற் பெரும்பாலோர் இரும்பும் எஃகும் கொண்டு உழைப்போர். ஆதலின் அக்குழுவினருக்கு 'இரும்பர்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 'இரும்பு யூனியன்!' என்பதே இன்றளவும் பற்றாளர் எழுப்பும் முழக்கம். கழகத்தின் ஆடுகளம் 1920 முதல் கோப்பெனிக் பகுதியில், மரங்கள் அடர்ந்த காட்டோரத்தில் அமைந்துள்ளது. 'பழைய வனக்காவலர் மனை' என்பதே அதன் பெயர். இன்றைய பெயருடன் கழகம் நிறுவப்பெற்ற ஆண்டு 1966.

இக்கழகத்தின் பற்றாளர் எத்தகையோர் என்பதை அறிய, அவருள் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்த்தல் நலம். அவருக்குப் பெயர் வேண்டுவதில்லை. அவரைப் போன்றோர் பல்லாயிரவர். அவர் 1958இல் பிறந்தவர் என்று கொள்க. தந்தை கம்பி வட ஆலையில் வேலை செய்பவர். வார முடிவில் தந்தையின் கைப்பற்றி ஆடுகளத்துக்குச் செல்வதே சிறுவனுக்குக் கிடைத்த பெருமகிழ்ச்சி. அங்கே அமர இருக்கைகள் அரிய. தந்தையும் மகனும் நின்றபடியேதான் ஆட்டம் காணுவர்.

சிறுவனுக்குப் பத்து வயதாகும்போது, 1968இல், யூனியன் கிழக்கு ஜெர்மனியின் கோப்பையை வென்றது. வலிமை மிக்க யேனா நகரத்துக் கழகத்தை 2-1 என்னும் கணக்கில் அது தோற்கடித்தது. கோப்பையை வென்றோர் ஐரோப்பியப் போட்டியில் ஆடும் உரிமை பெறுவர். அந்நாளை எண்ணி அனைவரும் காத்திருந்தனர். ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத்துப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. கிழக்கு நாடுகளும் மேற்கு நாடுகளும் முதற் சுற்றில் எதிர்ப்படாதவாறு போட்டி நிரல் மாற்றப்பட்டது. அதனை ஏற்காது கிழக்கு நாடுகள் பல போட்டியினின்றும் விலகின. யூனியனின் பயணம் தொடங்கு முன்னரே முடிந்தது. அரசியற் புயலில் சிறுவன் ஒருவனின் கனவும் சிக்கிச் சிதறும் என்பதனை அவன் அன்று கற்றான்.

பின்னர் வந்த ஆண்டுகள் கடியவை. அதே கிழக்குப் பெர்லினில் டைனமோ என்னும் மற்றொரு கழகம் இருந்தது. அரசின் மறைமுகக் காவல் துறையின் ஆதரவு அதற்கு உண்டு. 1979 முதல் 1988 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் வாகையர் பட்டத்தை டைனமோ பெற்றது. யூனியனோ மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையே ஏறுவதும் இறங்குவதுமாக உழன்றது. வெற்றியை விரும்பியவன் அன்று டைனமோவின் பக்கம் செல்வது எளிது. ஆயினும் வனக்காவலர் மனையின் கூட்டம் கலையவில்லை. எதிரணியினர் பந்தைத் தடுக்க வரிசையாகச் சுவர்போல் நிற்கும்போது, 'சுவர் ஒழிக!' என்று யூனியன் பற்றாளர் முழங்குவராம். 1961இல் எழுப்பப்பெற்று நகரை இரு கூறாக்கிய பெருஞ்சுவரையே அச்சொல் குறித்தது என்பது கேட்டோர் அனைவருக்கும் புரியும். எனினும் ஆட்டத்தைப் பற்றிக் கூறினர் எனின், யார் குற்றம் காண இயலும்?

1989இல் அச்சுவர் வீழ்ந்தது. 1990 ஜனவரியில், மேற்குப் பெர்லினின் ஹெர்த்தா கழகமும் யூனியனும் நட்புமுறையில் ஓர் ஆட்டம் ஆடின. 50,000க்கு மேற்பட்ட மக்கள் திரண்டனர். இரு கழகங்களின் பற்றாளரும் சுவர் நின்ற காலத்திலேயே நட்புப் பூண்டிருந்தவர்கள். தன் குழுவை நேசிப்பதற்குப் பிறர் குழுவை வெறுக்க வேண்டுவதில்லை என்பதற்கு அந்நாள் ஒரு சான்று.

ஆனால் விடுதலை மகிழ்ச்சியின் பின்னே வறுமை வந்தது. புதிய பொருளாதாரத்தைத் தாங்காமல் ஆற்றங்கரை ஆலைகள் பல கதவடைத்தன. தந்தை உழைத்த இடத்தில் மகனுக்கு வேலையில்லை. பிறந்த நாட்டின் பெயரே உலகப் படத்தினின்றும் மறைந்தது. மாறாது நின்றவற்றுள் ஒன்று காட்டோரத்து ஆடுகளம். அதுவும் நிலைக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. 1993இலும் 1994இலும், பணநிலை சீராக இல்லாமையால் கழகத்துக்கு மேற்பிரிவில் ஆடும் உரிமம் மறுக்கப்பட்டது. 1997இல் கழகம் மூடப்படும் நிலையை எய்தியது. பற்றாளர்கள் பிராண்டன்பர்க் வாயில் வழியே ஊர்வலமாகச் சென்று, தம் கழகத்தைக் காக்குமாறு நகரத்தாரை வேண்டினர்.

இடையிடையே ஒளி தோன்றாமலும் இல்லை. 2001இல், மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த யூனியன், ஜெர்மானியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை முன்னேறியது. ஷால்கே கழகத்திடம் 0-2 என்று தோற்றதாயினும், ஐரோப்பியப் போட்டியில் ஆடும் வாய்ப்பு அதனாற் கிடைத்தது. 1968இல் கைந்நழுவிய கனவு 33 ஆண்டுகள் கழித்துக் கைகூடியது. ஆனால் 2004இல் மீண்டும் மூன்றாம் பிரிவுக்கு வீழ்ச்சி. மறு ஆண்டே நான்காம் பிரிவுக்கு வீழ்ச்சி.

அந்த 2004ஆம் ஆண்டில் உரிமம் பெறுவதற்கு ஏறத்தாழ 15 லட்சம் யூரோ இருப்புக் காட்ட வேண்டியதாயிற்று. கழகத்தின் கருவூலம் வெறுமையாய் இருந்தது. பற்றாளர்களிற் பெருஞ்செல்வர் இலர். அந்நாட்டில் குருதிக்கொடை அளிப்போருக்குச் சிறு தொகை கொடுக்கப்படுவதுண்டு. 'யூனியனுக்காகக் குருதி' என்னும் அழைப்புப் பிறந்தது. பற்றாளர்கள் மருத்துவமனைகளுக்குச் சென்று குருதி அளித்தனர். கிடைத்த தொகையைக் கழகத்துக்குத் தந்தனர். அதனோடு வேறு நன்கொடைகளும் சேர, வேண்டிய உரிமம் கிடைத்தது. உயிரினும் இனியது என்று வாயாற் கூறுவோர் பலர். குருதியைக் கொடுத்துக் காட்டியோர் இவர். அக்குருதி கழகத்தை மட்டுமா காத்தது? முகமறியா நோயாளர் பலரையும் அது காத்திருக்கும்.

நான்காண்டு கழிந்தபின் மற்றொரு சோதனை. ஆடுகளத்தின் படிவரிசைகள் சிதைந்து, புல்முளைத்துக் கிடந்தன. புதுப்பித்தாலன்றி அங்கே ஆட இசைவு கிடையாது. ஒப்பந்தக்காரரிடம் முழுப்பணியையும் ஒப்படைக்கப் பொருள் இல்லை. எனவே, 2008இன் கோடையில் பற்றாளரே மண்வெட்டி எடுத்தனர். கொத்தரும் வந்தனர்; தச்சரும் வந்தனர்; அதுவரை கரண்டி பிடித்தறியாத எழுத்தரும் வந்தனர். வேலையுள்ளோர் விடுமுறை எடுத்து வந்தனர்; வேலையிழந்தோர் நாள்தோறும் வந்தனர். 2009இன் கோடை வரை, 2,000க்கு மேற்பட்டோர், கூலி பெறாது 1,40,000 மணி நேரம் உழைத்தனர். ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஒரு நாளும் ஓயாது உழைப்பாராயின், இப்பணியை முடிக்க ஏறத்தாழ 48 ஆண்டுகள் ஆகும்! முன்னர்க் கண்ட அன்பருக்கு அப்பொழுது வயது ஐம்பது. தந்தையுடன் நின்ற அதே படியில் அவர் கான்கிரீட்டு இட்டிருப்பார். அவ்விடத்தை அவரினும் நன்கு அறிந்தவர் யார்?

புதிய களத்தில் முதல் ஆட்டம் ஹெர்த்தாவுடன் நடந்தது. யூனியன் 3-5 என்று தோற்றது. தோல்வியைக் கண்டு எவரும் தம் உழைப்பு வீணாயிற்று என்று வருந்தினாரில்லை. தலைக்கவசத்தின் வடிவில் அமைந்த நினைவுச் சின்னம் ஒன்று, உழைத்தோரின் பெயர்களைத் தாங்கி, ஆடுகளத்தின் முன்னே நிறுவப்பட்டது. 2011இல் கழகம் ஆடுகள நிறுவனத்தின் பங்குகளை, பங்கொன்று 500 யூரோ என, உறுப்பினருக்கே விற்றது. 4,000க்கு மேற்பட்டோர் வாங்கினர். கையால் கட்டிய மனைக்கு அவர்கள் உரிமையாளரும் ஆயினர். 2013இல் பெருமண்டபம் எழுந்தபின்னும், ஏறத்தாழ 22,000 பேர் கொள்ளும் அக்களத்தில் இருக்கைகள் 3,600 அளவே இருந்தன. மற்றோர் அனைவரும் முன்போல் நின்றே கண்டனர்.

அங்கே நிற்போருக்குச் சில வழக்கங்கள் உண்டு. அவை ஏட்டில் எழுதப்பட்ட சட்டங்கள் அல்ல. ஆட்டம் முடியுமுன் களத்தை விட்டு நீங்கலாகாது. தம் ஆட்டக்காரரை இகழ்ந்து கூச்சலிடலாகாது. தோல்விக்கு ஒருவனைத் தேர்ந்து அவன்மீது பழி சுமத்தலாகாது. இவை எளியனபோல் தோன்றும். தம் அணி நான்கு கோல் பின்தங்கி, மழையும் பெய்துகொண்டிருக்கும் வேளையில், நின்று பார்த்தோருக்கே இவற்றின் அருமை விளங்கும்.

'இருபத்திருவர் ஒரு பந்தைத் துரத்துகின்றனர். அதற்கு இத்துணைக் குருதியும் வியர்வையும் வேண்டுமோ?' என்று வினவுவாரும் உளர். அவ்வினா முறையானதே. தோல்வி கண்ட பற்றாளன் இல்லத்தாரிடம் சினங்கொள்வானாயின், எதிரணியாரைத் தாக்குவானாயின், அவன் பற்று நோயாக மாறிற்று எனல் வேண்டும். ஆனால் இங்கே காக்கப்பட்டது பந்து மட்டும் அன்று. ஆலை மூடிய ஊரில் மக்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்து, தோள் உரசி நிற்பதற்கு எஞ்சியிருந்த இடம் அது. 2003இல் கிறிஸ்துமசுக்குச் சற்று முன்னர், தோல்விகளால் மனம் சோர்ந்த 89 பேர் அவ்வாடுகளத்தில் கூடி, மெழுகுவத்தி ஏந்திப் பண்டிகைப் பாடல் பாடினர். பின்னாளில் அக்கூட்டம் 28,000 அளவுக்குப் பெருகியது. விளையாட்டே இல்லாத நாளிலும் மக்கள் கூடுவராயின், அவரை ஈர்ப்பது வெற்றி ஆகாதன்றோ?

2019 மே மாதத்தில் அந்நெடிய காத்திருப்புக்குப் பயன் விளைந்தது. ஸ்டுட்கார்ட் கழகத்துடன் ஆடிய ஈராட்டங்களும் சமமாக முடிய, எதிரியின் களத்தில் அடித்த கோல்களின் மிகுதியால் யூனியன் நாட்டின் முதற்பிரிவுக்கு முதன்முறையாக உயர்ந்தது. ஆகஸ்டு 18 அன்று, முதற்பிரிவின் முதலாட்டம் வனக்காவலர் மனையில் நிகழ்ந்தது. அன்று பற்றாளர்கள் 450க்கு மேற்பட்ட உருவப்படங்களை உயர்த்திப் பிடித்தனர். அவை ஆட்டக்காரரின் படங்கள் அல்ல. இந்நாளைக் காணக் காத்திருந்து, காணாமலே மறைந்த பற்றாளர்களின் படங்கள். தந்தையின் படத்தை ஏந்திய மக்கள் இருந்தனர். நண்பரின் படத்தை ஏந்திய முதியோர் இருந்தனர். அறுபத்தொரு வயதான அன்பரும் அங்கே நின்றிருப்பார். அவர் கையில் எவருடைய படம் இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆட்டத்தில் லைப்சிக் கழகத்திடம் யூனியன் 0-4 என்று தோற்றது. எனினும், அன்று வீடு திரும்பியோர் தோற்றவராய்த் திரும்பவில்லை.

வெற்றி வந்தபின் அன்பு குன்றுமோ என்பதும் சோதிக்கப்பட்டது. 2023இல் யூனியன் நான்காம் இடம் பெற்று, ஐரோப்பாவின் தலையாய போட்டியில் நுழைந்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே தொடர்ந்து 12 ஆட்டங்களில் தோற்றது. மற்ற இடங்களிலாயின் இகழ்ச்சிக் குரல் வானைப் பிளந்திருக்கும். இங்கோ, ஆட்டம் முடிந்து தலைகுனிந்து நின்ற வீரர்களை நோக்கி மக்கள் கைதட்டிப் பாடினர். 2024 மே மாதத்தில், பருவத்தின் இறுதி ஆட்டத்து இறுதிக் கணங்களில் அடித்த ஒரு கோலால் கழகம் வீழ்ச்சியினின்றும் தப்பியது.

மாணவர்களே, உங்கள் பள்ளியின் அணியும் ஒருநாள் தோற்றுத் திரும்பும். வென்ற நாளில் மாலையிட வருவோர் பலர் இருப்பர். அவர்களை எண்ண வேண்டா. தோற்ற நாளில், புழுதி படிந்த சட்டையுடன் அவர்கள் வாயிலில் நுழையும்போது, ஒரு செம்பு தண்ணீருடன் அங்கே நிற்பவர் யார் என்று பாருங்கள். எவரும் இல்லையாயின், அவ்விடம் உங்களுக்காகக் காத்திருக்கின்றது என்று அறியுங்கள்.